வண்டிக்கு நிழல், ஆளுக்கு வெயில்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் சி.என்.ஜி. காஸ் பங்க்கில் வண்டிக்கு நிழல் உண்டு, மனிதனுக்குக் கிடையாது. அதைக் கட்டியவர் நீங்கள். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள், உங்கள் மூட்டுவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும், காஸை அழுத்தி ஏற்றும் கம்ப்ரஸரும் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்று நீங்கள் வேலையிலிருந்து துரத்திய விசில் அக்காவைத் திங்கட்கிழமைக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் போனில் சொன்னால், "மாப்ள, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை மீட்டிங்கிலும் படிக்கலாம்.

இஞ்சினியர் வரைந்த பிளானில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே, 'பயணிகள் காத்திருக்கும் இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. காஸ் ஏறும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக்கூடாது, அத்தனை அழுத்தத்தில் ஏறுகிற சமாச்சாரம், எல்லோரும் இறங்கித் தள்ளிப் போக வேண்டும், போகிறவர்கள் எங்கேயாவது நிற்க வேண்டுமே என்று அந்த மனுஷன் யோசித்திருக்கிறார். நீங்கள் அந்தக் கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு 'எம்.டி. ரூம்' என்று எழுதினீர்கள். சுற்றிலும் கண்ணாடி, உள்ளே ஏசி, சுழல்நாற்காலி. அதோடு விட்டீர்களா? பெரிய கம்ப்ரஸர் வைத்தால் சத்தம் ரூமுக்குள் கேட்கும் என்று சின்னதாக ஒன்றை வாங்கிப்போட்டீர்கள். அது பின்னால் காஸைச் சேர்த்துவைக்கிற சிலிண்டர்களை நிரப்பி முடிப்பதற்குள் இரண்டு பஸ் வந்து உறிஞ்சிவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வருகிற ஆட்டோவுக்குக் காஸ் ஏறுவதில்லை, ஊறுகிறது. திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து "ரெண்டே நிமிஷம்" என்றீர்கள். அந்த இரண்டு நிமிஷம் மத்தியான வேளையில் அரைமணி நேரம் ஓடுகிறது. அதுவரை ஆட்டோ உங்கள் கூரைக்குக் கீழே சொகுசாக நிற்கும். அதில் வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே வெயிலில் காய்வார்கள்.

விசில் ஊதி ஆட்களை இறக்கிவிட்டு நாஸிலை மாட்டுவது அக்காவின் வேலை. ஆட்டோவில் வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது இறங்கினார்கள். கார்காரர்கள் இறங்கவில்லை. ஒருவர் கண்ணாடியை மட்டும் இறக்கி, "ஏம்மா, நான் யாருன்னு தெரியுமா?" என்றார். அக்கா, "எனக்குத் தெரியாது சார். காஸுக்கும் தெரியாது. இறங்குங்க" என்றார். இதற்குத்தான் உங்களுக்குப் புகார் வந்தது. நீங்களும் உடனே, "கார்காரங்ககிட்ட விசில் ஊதாதே" என்று உத்தரவு போட்டீர்கள். வெடித்தால் கார் ஓனரை மட்டும் விட்டுவிட்டு வெடிக்கும் என்று யார் உங்களுக்குச் சொன்னது, மாமா?

போன மாதம் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி ஆட்டோவில் வந்தார். அக்கா விசில் ஊதினார். அந்த அம்மா, "இறங்கிடுவேன். நிக்கத்தான் முடியாது. எங்க உக்காரட்டும், சொல்லு" என்றார். அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் மேனேஜர் மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்த உங்கள் ரூம் சாவியை எடுத்தார். "ஓனர் திட்டுவாருக்கா" என்றேன். "அவரு மாசத்துக்கு ஒரு நாள் வர்றாரு தம்பி. மத்த நாள் அந்த நாற்காலிக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்து, அந்த அம்மாவை உட்காரவைத்து, ஏசியையும் போட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு வயதானவர். அதற்கடுத்த நாள் ஒரு குடும்பமே. அப்புறம் ஆட்டோக்காரர்களே, "அந்த பங்க்ல ஏசி உண்டு, கொஞ்சம் சுத்தினாலும் பரவாயில்லை" என்று ஆள் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கூட்டம் ஏறியது, கூடவே வம்பும் ஏறியது. உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. "அம்மா, காஸ் ஏறிடுச்சு, வாங்க" என்று டிரைவர் கூப்பிட்டால், "இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே, என்ன அவசரம்?" என்று பதில் வரும். நிரம்பிய ஆட்டோ நகராது, பின்னால் ரோடு வரைக்கும் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கும், ரோட்டில் போகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு என்னை வைவான்.

இந்த நேரம் பார்த்துத்தான் நேற்று நீங்கள், இரண்டாவது பங்க்குக்குக் கூட்டாளியாகச் சேரப்போகிறவரை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் மேஜையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனை சார்ஜில் போட்டிருந்தார்கள். உங்கள் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். "யாருய்யா நீ?" என்று நீங்கள் அதட்டியதும் பதறாமல் கண்விழித்து, "நானும் வெயிட்டிங்தாங்க. உங்க வண்டி எத்தனாவது?" என்று கேட்டார். கூட்டாளி வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கிடைத்த ஒரே இடத்தில் உட்கார்ந்து, "பயணிகளுக்கு இவ்வளவு பண்றீங்களே சார், பெரிய மனசு" என்று மெச்சினார். நீங்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உங்கள் ரூமுக்கு வெளியே நின்றீர்கள். கூட்டாளியிடம் பல்லைக் காட்டி நன்றி சொன்னீர்கள். அவர் கார் தெருமுனை திரும்பியதும், அந்தப் பாராட்டை உங்களுக்கு வாங்கிக்கொடுத்த பெண்ணிடம், "நாளைலேருந்து வராதே" என்றீர்கள். அக்காவின் சம்பாத்தியத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னீர்கள்.

திங்கட்கிழமை காலை அக்கா விசிலோடு வந்து நிற்கவில்லை என்றால் நானும் நிற்க மாட்டேன். இதையே என் ராஜினாமாவாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் பங்க்கில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைக்கும்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் அன்பு. கோபத்தில் எழுதினாலும் நீங்கள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்,
திங்கள் வரைக்கும் மேனேஜர்

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன் இதை விசில் அக்காவிடம் காட்டலாம் என்று போனேன். அவர் வீட்டில் இல்லை. எதிர் ரோட்டு பங்க்கில், புதுச் சீருடையில், ஒரு பெரிய காரைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். கார்காரர் இறங்கினார். அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். "இங்க கூரை இருக்கு, பெஞ்சு இருக்கு, காஸும் சட்டுனு ஏறுது. அங்க திரும்பி வர நான் என்ன லூசா?" "அப்போ எனக்கு இங்க வேலை?" என்று கேட்டேன். "ஒரே ஒரு ஆள்தான் எடுத்தாங்க தம்பி. நீ பேனாவைத் தேடிட்டிருந்தப்போ நான் வந்து சேந்துட்டேன்."

ஆகவே மேலே உள்ள கோரிக்கையையும் ராஜினாமாவையும் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். திங்கட்கிழமை முதல் விசில் நான்தான் ஊதப்போகிறேன். கார்காரர்களைப் பார்த்தும் ஊதுவேன். ஆனால் ஒன்றை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். ஒரு நாள் மத்தியானம் காரை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் நம் பங்க்குக்கு வாருங்கள். நான் விசில் ஊதியதும் இறங்கி, காஸ் ஏறி முடிகிற வரைக்கும் மற்றவர்களோடு கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். என்றைக்கு வருகிறீர்கள், மாமா?