சர்வீஸ் சார்ஜ் கட்டாத செம்மல்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாக, வெளிநாட்டில் பதினான்கு மாதம் தங்கியும் வங்கிக்கு ஒரு காசு சர்வீஸ் சார்ஜ் கட்டாமல் திரும்புவது எப்படி என்று கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்த மகானுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் நம் கதாநாயகி. நூலக வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு விமானம் ஏறிய புண்ணியவதி.

மகான், கிரேன் செய்யும் கம்பெனியில் தலைமைக் கணக்கர். கடல் கடந்த துறைமுகம் ஒன்றில் பன்னிரண்டு கிரேன்களை நிறுவும் வேலைக்குக் கணக்குப் பார்க்க அனுப்பினார்கள். கூடப் போன மற்றவர்கள் அந்த ஊரில் குளிர் எப்படி என்று விசாரித்தார்கள். அவரோ வங்கியின் கட்டண அட்டவணையை, அடிக்குறிப்புகளையும் விடாமல், மூன்று தடவை படித்து ஞானம் பெற்றார். அயல்நாட்டு ஏடிஎம்மில் கார்டைச் செருகினால் நம் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். இயந்திரத்துக்குச் சொந்தக்காரன் இன்னொரு கட்டணம் பிடிப்பான். போதாக்குறைக்கு, பணத்தை மாற்றித் தர மூன்று சதவீதம். கடையில் கார்டைத் தேய்த்தாலும் அதே மூன்று. ஆனால் 'நட்பு வங்கி' என்று ஒன்று உண்டு. அதன் இயந்திரத்தில் மாதம் ஒருமுறை எடுத்தால் எந்தப் பிடித்தமும் இல்லை.

நட்பு வங்கிக்கு அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு இயந்திரம். சுங்கக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பஸ் மாறி, அரை மணி நேரம் நடந்தால் போய்விடலாம்.

மகான்கள் பெற்ற ஞானத்தைப் பதுக்குவதில்லை. கம்பெனி ஆட்கள் குடியிருந்த கட்டடத்தில் 'கட்டணத் தவிர்ப்புக் குழு' உதயமாயிற்று. தலைவர் நம்மவர். உறுப்பினர்கள் கிரேன் ஆப்பரேட்டர், வெல்டர், ஸ்டோர்கீப்பர். வாரத்துக்கு ஒருவர் தன் இலவச முறையில் நால்வருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வர வேண்டும். ஞாயிறுதோறும் தலைவர் வீட்டுச் சமையலறையில் கூட்டம் கூடும். தேநீர் போட்டு, டம்ளர் கழுவும் பொறுப்பு, விவாதமின்றி, கதாநாயகிக்கு ஒதுக்கப்பட்டது.

"மிஷின், 'உங்க ஊர்ப் பணத்துலயே கணக்குப் போடட்டுமா'ன்னு கேக்கும். நாம என்ன சொல்லணும்?" என்று தலைவர் விரலை உயர்த்துவார்.

"வேணாம்னு சொல்லணும்!" என்பார்கள் மூவரும்.

"ஏன்?"

"அன்பாக் கேக்குறவன் கமிஷன் வச்சிருப்பான்!"

முதல் மாதமே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். டிக்கெட் காசு அந்த சார்ஜை விட ஜாஸ்தியாச்சேங்க?"

"அது போக்குவரத்து. கணக்குல வேற தலைப்பு."

"ரெண்டும் ஒரே பாக்கெட்லேருந்துதானே போகுது?"

"பாக்கெட் வேற, தலைப்பு வேற," என்றார் கணக்கர். அதற்கு மேல் தத்துவம் கிடையாது. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பதாவது மாதம், ஒரு புதன்கிழமை, அந்த வாய் வீங்கியது. சிரித்தால் தெரிகிற வரிசையில் கீழ்ப்பல் ஒன்று விண்விண்ணென்று தெறித்தது. நல்லவேளையாகப் பல் மருத்துவர் எதிர்ச்சாரியிலேயே இருந்தார். இன்னும் நல்லவேளையாக, அவர் வாசற்சுவரிலேயே ஓர் ஏடிஎம் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடியே அதைப் பார்க்கலாம்.

"நல்ல பல்லும்மா," என்றார் மருத்துவர். "வேர்ல சீழ் வச்சிருக்கு. இன்னைக்கே திறந்து சுத்தம் பண்ணிட்டா காப்பாத்திடலாம். தள்ளிப் போட்டீங்கன்னா பிடுங்கத்தான் வேணும்." பிறகு, 'ரொக்கம் மட்டும்' என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் கொஞ்சம் வெட்கத்தோடு காட்டினார்.

வீட்டில் அவ்வளவு ரொக்கம் இல்லை. அந்த வாரம் எடுக்க வேண்டியது தலைவரின் முறை. அவர் வழக்கமாகப் போவது சனிக்கிழமை.

"வாசல்லயே மிஷின் இருக்கே. எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள், கன்னத்தைப் பிடித்தபடி.

"அதுல சார்ஜ் இருக்கு."

"எவ்வளவு?"

"ரெண்டு காபி விலை. ஆனா தொகை முக்கியமில்ல. ஒன்பது மாசமா பூஜ்யம். அதைப் பாக்கணும்."

"அந்த ரகசிய நம்பரைச் சொல்லுங்க. நானே எடுத்துக்குறேன்."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு வங்கியே எழுதிக் குடுத்திருக்கு."

"நான் யாரோவா?"

"வங்கியோட பார்வையில," என்றார் அவர், மிகுந்த நியாயத்தோடு.

அன்று மாலையே குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. கிரேன் ஆப்பரேட்டர் எழுந்தார். "சார், அக்காவுக்கு ரொம்ப வலிக்குது. எதிர் மிஷின்ல என் கார்டைப் போட்டு எடுத்துத் தர்றேன். சார்ஜ் என் தலையில விடியட்டும்."

"உறுப்பினரே கட்டணம் கட்டுறதுன்னா குழு எதுக்குய்யா?" என்றார் தலைவர்.

ஆப்பரேட்டரின் ஓவர்டைம் பில்லில் கையெழுத்துப் போடுகிறவர் தலைவர். ஆகவே அவர் மனசாட்சி உடனே உட்கார்ந்தது. சனிக்கிழமை முறையை வியாழக்கிழமைக்கே கொண்டுவரலாம் என்ற புரட்சிகரமான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. "அதுவரைக்கும் உப்புத் தண்ணியில கொப்பளி. அது ஃப்ரீ," என்று மனைவிக்குத் தலைவர் ஆறுதலும் சொன்னார்.

வியாழனன்று அவர் அரைநாள் சம்பளத்தைத் தியாகம் செய்து (தலைப்பு: விடுப்பு), இரண்டு பஸ் மாறி, அரை மணி நேரம் நடந்து போனார். நட்பு வங்கியின் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. உடனே நம் வங்கிக்கு வெளிநாட்டு அழைப்புப் போட்டார். நாற்பது நிமிடம் புல்லாங்குழல் கேட்டார். கடைசியில் ஒரு பெண்குரல், சனிக்கிழமை சரியாகிவிடும் என்றது. அந்த அழைப்புக்கு ஆன செலவில் எதிர்வீட்டு ஏடிஎம்மில் முப்பது தடவை பணம் எடுத்திருக்கலாம். ஆனால் அது 'தொலைபேசி'. தூய்மை கெடவில்லை.

வெள்ளிக்கிழமை அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. பாலில் ஊறிய ரொட்டியைக் கரண்டி நுனியால் உள்ளே தள்ளிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யார் யாரோ அந்த ஏடிஎம்முக்கு வந்தார்கள், நோட்டை எடுத்தார்கள், போனார்கள். ஒருவர்கூட அழுததாகத் தெரியவில்லை. அன்று முழுக்க அவள் தன் கணவரை வெறுத்தாள். கோபம் என்றால் சாயங்காலம் ஆறிப்போயிருக்கும். இது ஆறவில்லை.

சனிக்கிழமை பணம் வந்தது.

"மூணு நாளா என்னம்மா பண்ணினீங்க?" என்று மருத்துவர் பதறினார்.

அவளால் பேச முடியாததால் கணக்கர் பதில் சொன்னார். "பணம் வர்றதுல கொஞ்சம் நடைமுறை இருந்தது, டாக்டர்."

பல்லைப் பிடுங்கினார்கள். காப்பாற்றுவதற்கு ஆகியிருக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் பிடுங்குவதற்கு ஆயிற்று. ரசீதைப் பார்த்ததும் கணக்கரின் முகம் மலர்ந்தது. மறுநாள் கூட்டக் குறிப்பில், 'மருத்துவத் தலைப்பில் எதிர்பாராத மிச்சம்' என்று பதிவாயிற்று. மூவர் கைதட்டினார்கள். ஆப்பரேட்டர் மட்டும் தட்டும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

பதினான்கு மாதம் முடிந்து ஊர் திரும்பியதும், தலைமை அலுவலகத்தில் பாராட்டு விழா நடந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரத்தில், 'வங்கிக் கட்டணம்: பூஜ்யம்' என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள். தம்பதியை மேடையேற்றிவிட்டு முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"வெளிநாடு போன அத்தனை பேரும் பேங்க் சார்ஜைக் கம்பெனிகிட்ட கேட்டு வாங்கியிருக்காங்க. தப்பில்ல, ரூல்ல இருக்கு, நாங்களும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா இவரும் இவர் குழுவும்தான் கம்பெனிக்கு ஒரு பைசா செலவு வைக்கல!"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "கம்பெனியே குடுத்திருக்குமா?"

"குடுத்திருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அந்த ரூலை எழுதினதே நான்தான்," என்றார் அவர், பெருமையோடு. "ஆனா வாங்கினா, என் கணக்குல 'கட்டணம்'னு ஒரு வரி விழுந்திடுமே."

"மேடம், நல்லா வாயைத் திறந்து சிரிங்க," என்றார் போட்டோக்காரர்.

ஐந்து மாதமாக வாயை மூடியே சிரித்துப் பழகியவள் நன்றாகத் திறந்து சிரித்தாள். பல் போன இடைவெளி முதல் வரிசை நாற்காலிகள் வரைக்கும் தெரிந்தது.

"அடடா, பல்லு என்னம்மா ஆச்சு?" என்று முதலாளி மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

அவள் அந்த மைக்கை மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

"அதுதாங்க சர்வீஸ் சார்ஜ். அந்தப் பூஜ்யத்தை அடிச்சிட்டு ஒண்ணுன்னு திருத்திடுங்க. பணம் எடுத்தது இவர். கட்டினது நான்."