அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போய் நான் கை நனைத்த கதை

நிகழ்காலத்தில் வாழ்வது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருத்தர் நிகழ்காலத்தில் வாழ ஆரம்பித்தால், மீதிப் பேர் அவர் பின்னாலேயே அலைந்து கேஸை அணைக்க வேண்டும், குழாயை மூட வேண்டும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஐரோலியில். அங்கே ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களின் இன்சூரன்ஸ் சிக்கல்களைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். (என் சிக்கலைத் தீர்க்க ஆள் இல்லை.) நாங்கள் எல்லோரும் டென்ஷனாக இருக்கிறோம் என்று கண்டுபிடித்த கம்பெனி, வேலையைக் குறைப்பதற்குப் பதில் மைண்ட்ஃபுல்னெஸ் சொல்லித் தர ஓர் அம்மாளைக் கூட்டி வந்தது. எதைச் செய்தாலும் முழுக் கவனத்தோடு செய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த அம்மாள் ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சை கொடுத்து, அதைப் பார்க்கச் சொன்னார், முகரச் சொன்னார், நாக்கில் வைத்துக் காத்திருக்கச் சொன்னார். பக்கத்து நாற்காலி நிலேஷ் அதற்குள் விழுங்கிவிட்டு, "பஸ், இத்னாஹீ?" (இவ்வளவுதானா?) என்று இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.

நான் மட்டும் கண்ணை மூடி மென்றேன். அந்த ஒற்றைத் திராட்சையில் எனக்கு வெயில் தெரிந்தது, கொடி தெரிந்தது, திராட்சை விளைகிற நாசிக் ஊரே தெரிந்தது. அன்றைக்குக் கெட்டேன்.

அதன்பிறகு ரயிலில் நின்றபடி மூச்சைக் கவனித்தேன். சயானிலிருந்து தாணே போகிற கூட்டத்தில் தன் மூச்சைத் தனியாகப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எனக்குள் வந்தது பெரும்பாலும் முன்னால் நிற்பவர் விட்ட மூச்சு. அவர் வடாபாவ் சாப்பிட்டிருந்தார் என்பதை முழுக் கவனத்தோடு உணர்ந்தேன். தாராவி லேபர் கேம்ப்பில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுவான குளியலறைக்கு வெளியே, சொம்பும் துண்டுமாக வரிசை நிற்கும். நான் உள்ளே ஒவ்வொரு துளியையும் தோளில் உணர்ந்துகொண்டிருக்க, பக்கத்து வீட்டு அண்ணாச்சி கதவைத் தட்டுவார். "ஏய், உள்ள குளிக்கியா, குடியிருக்கியா?"

அம்மா இன்னும் மோசம். தோசையை நான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் போதும்: "ஏல, அதுல என்ன உன் போட்டோவா தெரியுது? திங்கதுன்னா தின்னு, இல்ல தட்டக் குடு."

இந்த லட்சணத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் செல்வத்துக்கு செம்பூரில் பெண் பார்க்கப் போனோம்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் லேத் பட்டறை. இரும்போடு பேசுவான், மனிதர்களோடு பேச மாட்டான். ஒரு சட்டை எடுக்கவே மூன்று ஞாயிற்றுக்கிழமை வேண்டும் அவனுக்கு. முதல் ஞாயிறு பார்ப்பான், இரண்டாவது ஞாயிறு தொடுவான், மூன்றாவது ஞாயிறு போனால் சட்டை விற்றுப்போயிருக்கும். இதற்கு முன் பார்த்த இரண்டு பெண்களும் அப்படித்தான், இவன் யோசித்து முடிப்பதற்குள் அவர்களுக்கு வேறிடத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது. ஆகவே இந்த முறை யாரும் அவனை அவசரப்படுத்தவும் கூடாது, அவனுக்காக முடிவு சொல்லவும் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

டாக்சியில் சுடலைமுத்து மாமா முன் சீட்டிலிருந்து திரும்பி எச்சரித்தார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. காப்பி குடிங்க, பஜ்ஜி தின்னுங்க. இலையப் போட்டாவன்னா எந்திரிச்சிரணும். ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது. செல்வம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசிக்கட்டும்."

"ஒரு வாரம் காணாது மாமா" என்றான் அண்ணன்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் வீட்டில் பலகாரம் தின்பது கணக்கில் சேராது. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு மறுபேச்சு கிடையாது. எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் மாமா பேசிக்கொண்டிருந்தபோது, சீட்டின் ஸ்பிரிங் ஒன்று என் முதுகில் குத்துவதை நான் விருப்பு வெறுப்பில்லாமல் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் பெயர் மகேஸ்வரி. கேசரி வந்தது, காப்பி வந்தது. "ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க" என்று அவளையும் அண்ணனையும் பால்கனிக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு முதுகுகள் தெரிந்தன. தூரத்தில் மோனோரயில் போனது. இருவரும் அதையே பார்த்தார்கள். அது போய் முடிந்த பிறகும் அதையே பார்த்தார்கள்.

கூடத்தில் மகேஸ்வரியின் அம்மா வரிசையாக வாழை இலை போட்டார். கெட்டிக்காரப் பொம்பளை. சமைத்திருந்தது சொதி. தேங்காய்ப்பாலில் காய்களைப் போட்டு, எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு!

"இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தோம்க்கா" என்றாள் அம்மா. (வீட்டிலிருந்து கிளம்புகிறவரை பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை.)

"எனக்குச் சுகர்" என்றார் மாமா. கேசரியை இரண்டு தடவை வாங்கிய வாய்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களாவது ஒரு வாய் பார்த்துட்டு, உப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்க."

நான் ஏற்கெனவே கண்ணை மூடித் தேங்காய்ப்பால் வாசனையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு திராட்சையிலேயே நாசிக்கைப் பார்த்தவன், சொதியில் என்னதான் பார்க்க மாட்டேன்? எழுந்து போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். முதல் கவளத்தில் முருங்கைக்காய் தெரிந்தது. இரண்டாவதில் இஞ்சிப் பச்சடி வந்து நாக்கைச் சுண்டியது. அம்மா இருமினாள். வெளிச் சத்தங்கள் வரும், போகும், பிடித்துக்கொள்ளாதீர்கள் என்பது பாடம். விட்டுவிட்டேன். மாமா "ஏல! ஏலேய்!" என்றார். அதையும் விட்டுவிட்டேன். அம்மா பரிமாறுகிற சாக்கில் குனிந்து என் தொடையில் கிள்ளினாள். வலி என்பது ஓர் உணர்வு மட்டுமே. அதைப் புன்னகையோடு கவனித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சொதி" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது இலையில் ஒரு பருக்கை இல்லை. போதாக்குறைக்கு, உறவு தொடரட்டும் என்று அர்த்தம் வரும்படி, இலையை அழகாக என் பக்கம் மடித்தும் வைத்திருந்தேன். பெண்ணின் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு ஓடி வந்தார். ஓர் அத்தை அதற்குள் போனில், "ஆமா, முடிஞ்சிட்டு! கை நனைச்சிட்டாவ!" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த ஒரு மாதத்துக்கு எனக்குச் சோறு இல்லை.

சத்தம் கேட்டு பால்கனிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். "என்னம்மா இது?" என்றாள் மகேஸ்வரி.

"மாப்பிள்ளை வீட்டுல சம்மதம் சொல்லிட்டாவ. கை நனைச்சாச்சு."

அவள் இலையைப் பார்த்தாள். சொதி வடிகிற என் கையைப் பார்த்தாள். "சாப்பிட்டது யாரு?"

"மாப்பிள்ளைக்குத் தம்பி."

"அப்ப நான் இவரையா கட்டிக்கிடணும்?"

அந்த வாரத்தில் முதல் தடவையாக நான் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. பால்கனியில் ஒரு வார்த்தை பேசாத என் அண்ணன் வாயைத் திறந்தான். "இவனா? வேண்டாங்க. இவன் குளிக்கவே ஒரு மணி நேரம் ஆக்குவான்." எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்க்க, கடைசியில் சொன்னான்: "நான்... சீக்கிரம் குளிச்சிருவேன்."

மகேஸ்வரி சிரித்தாள். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு தன் அம்மாவிடம், "இன்னொரு இலை போடும்மா. எனக்குச் சம்மதம். அவருக்கும் சம்மதம்னா அவரே சாப்பிடட்டும். இல்லன்னா எந்திரிச்சுப் போகட்டும், ஒண்ணும் தப்பில்ல" என்றாள்.

இலை விழுந்தது. மாமா, "செல்வம், ஒண்ணும் அவசரமில்ல, நல்லா யோசிச்சு..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான். சொதி ஊற்றுகிறவரைகூடக் காத்திருக்கவில்லை, வெறுஞ்சோற்றையே அள்ளி வாயில் வைத்தான்.

இப்போது அவர்கள் வடாலாவில் இருக்கிறார்கள், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தூரமே எனக்கு வினையாகிவிட்டது. மகேஸ்வரி மதினி அண்ணனைத் திட்டுவதே இல்லை. அவன் மேல் என்ன புகார் இருந்தாலும் போன் எனக்குத்தான் வரும். போன வாரமும் வந்தது. மீட்டிங் நடுவில் எடுத்தேன்.

"தம்பி, உங்க அண்ணன் மறுபடியும் ஈரத் துண்டை மெத்தை மேல போட்டுட்டுப் பட்டறைக்குப் போயிட்டாவ. வந்து எடுங்க."

"நான் எதுக்கு மதினி? நீங்களே எடுத்துப் போடலாம்ல?"

"சாப்பிட்டது யாரு?"

சாயங்காலம் போய் எடுத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தேன்.