கம்ப்யூட்டர் வரைந்த குகை

படித்து முடித்த புதிதில் ஒருவருக்கு வரும் தன்னம்பிக்கை இருக்கிறதே, அதை வைத்துக் காவிரிக்குக் குறுக்கே பாலமே கட்டிவிடலாம். (நிற்குமா என்பது வேறு விஷயம்.) ஆர்க்கிடெக்ட் ஆன கையோடு எனக்கும் அது வந்தது.

அப்போது சாரதா மேடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டைப் பிடித்து ப்ளே ஸ்கூல் ஆரம்பித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் பிள்ளைகள் விளையாட ஏதாவது செய்து தரச் சொன்னார். ஒரு சறுக்குமரம், நாலு பொம்மை. அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான். நான் விடுவேனா?

"மேடம், இதை நான் வரையப் போறதில்ல. அல்காரிதம் வரையும்."

"அவர் யாரும்மா? திருச்சிக்காரரா?"

பொறுமையாக விளக்கினேன். கம்ப்யூட்டருக்கு விதிகளைச் சொல்லிவிட்டால் போதும். கூர்மையான மூலை கூடாது, காற்று வர வேண்டும், மூன்று வயதுப் பிள்ளை தவழவும் ஒளியவும் எட்டிப் பார்க்கவும் இடம் வேண்டும். அது நூற்றுக்கணக்கான வடிவங்களைப் போட்டு, தானே மார்க்கும் போட்டு, முதல் ராங்க் வாங்கியதை எடுத்து நீட்டும். திரையில் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பச்சைப் புள்ளிகள் ஓடிக் காட்டும். என் புள்ளிகள் தங்கமானவை. ஒரு ஓட்டையில் நுழைந்து, வளைந்து நெளிந்து, இன்னொரு ஓட்டையில் சமர்த்தாக வெளியே வந்தன.

முதல் ராங்க் வாங்கியது ப்ளைவுட்டில் ஒரு குகை. தேன்கூடு மாதிரி அறைக்குள் அறை. எல்லா வாசலும் பிள்ளைகள் அளவு.

திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவையில் போனேன். அப்பா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே, "என் பொண்ணு டிசைன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ரிப்பன் வெட்டியதும் பிள்ளைகள் பாய்ந்து உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாக்லேட் கொடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

"யாழினி! யாழினிக்குட்டி!" அவள் அம்மா ஒவ்வொரு ஓட்டையாகக் குனிந்து கூப்பிட்டார். பதில் இல்லை. டார்ச் அடித்தோம். குகை வளைந்த இடத்தில் வெளிச்சம் நின்றுவிட்டது. அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று.

சாரதா மேடம் என் பக்கம் திரும்பினார். "பெரியவா உள்ள போற வழி எதும்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் புள்ளிகள் எல்லாமே மூன்று வயது. டீச்சர் புள்ளி கிடையாது. அம்மா புள்ளி கிடையாது. உட்கார்ந்த புள்ளியோ தூங்கிய புள்ளியோ ஒன்றுகூடக் கிடையாது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு ஓட்டைக்குள் தவழ்ந்தேன். எங்கே இடித்துக்கொண்டாளோ, என்ன ஆனாளோ! தலை போனது. தோள் போனது. கை நீட்டினால் தொடும் தூரத்தில், வளைவுக்கு அப்பால் கடைசி அறையில், சாக்லேட் என்று கூப்பிட்டதற்கும் அசையாமல் யாழினி சுருண்டு படுத்திருந்தாள்.

"இருக்கா! தூங்குறா!"

"மூச்சு விடுறாளா?" வெளியே அழுகையோடு குரல்.

"குறட்டையே விடுறா!"

"ரங்கா! பள்ளிக்கூடத்துக்கு வந்து பள்ளிகொண்டுட்டாளே!" என்றார் மேடம். அத்தனை பேரும் சிரித்தார்கள். உள்ளே நான் அழுதேன், நிம்மதியில்தான். அந்த நிமிஷம் அந்தக் குறட்டையைவிட இனிமையான சங்கீதம் எனக்கு இல்லை.

"சரி, தூக்கிண்டு வாம்மா."

"மேடம்... நான் மாட்டிக்கிட்டேன்."

இடுப்பு வாசலில் சிக்கியிருந்தது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. சத்தத்தில் விழித்த யாழினி என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். "தள்ளு ஆன்ட்டி" என்றாள். நான் தள்ளினால்தானே! இவளிடம் பேசிப் பயனில்லை என்று வேறொரு ஓட்டை வழியாக எலிக்குஞ்சு போல வெளியே போய்விட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அவள் அம்மா அழுவதும் சிரிப்பதும் எனக்குக் கேட்டது.

பிறகு என் கணுக்காலை இரண்டு கைகள் பிடித்தன.

"மேடம், நான் புத்தூர் ஆஸ்பத்திரில நர்ஸ். பிரசவ வார்டு. பதற்றப்படாதீங்க." யாழினியின் அம்மாதான். சற்று முன் அழுத குரலா இது! "உடம்பைத் தளர விடுங்க. கால் முதல்ல வர்ற கேஸ் நிறையப் பார்த்திருக்கேன். மூச்சை நல்லா இழுங்க... ம், இப்ப மெதுவா விடுங்க... அவ்ளோதான், வந்தாச்சு, வந்தாச்சு!"

வந்தாச்சு. புடவையின் பாதி உள்ளேயே தங்கிவிட்டது. நல்லவேளை, இன்னொரு பாதி என்னோடு வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுவாரமே குகையின் ஒரு பக்கத்தைக் கதவு போலத் திறக்கிற மாதிரி மாற்றினேன். கடைசி அறைக்கு மேடம் மெத்தை வாங்கிப் போட்டார். இன்றைக்கும் அங்கே இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் அடிதடி. நானோ இப்போது எந்த டிசைன் போட்டாலும் திரையில் இரண்டு குண்டுப் புள்ளிகளை முதலில் நடக்க விடுகிறேன்.

அப்பா அந்த வீடியோவை அழிக்கவே இல்லை. "என் பொண்ணுக்கு ரெண்டு பிறந்தநாள். முதல் தடவை தலை வந்துச்சு, ரெண்டாவது தடவை கால்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் காபிக்கு முன்னாலேயே காட்டிவிட்டார். நான் சமையலறையில் செத்தேன். மாப்பிள்ளை முழுவதையும் பார்த்துவிட்டு, சிரிக்காமல் ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், எங்களுக்குக் கொடுத்த ஜாதகம் எந்தப் பிறந்தநாளுக்கு எழுதினது?"

அந்தக் கேள்விக்காகவே சரி என்று சொன்னேன். இப்போது வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறை எனக்குக் கேக் வெட்டுகிறார்கள். இரண்டாவது கேக்கின் முதல் துண்டு யாழினியின் அம்மாவுக்கு.