பத்து டப்பா பிலிம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ராயபுரத்து இக்னேஷியஸ் பத்து டப்பா பிலிம் வாங்கிய கதையைச் சொல்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். பாவம், அவருக்கு அப்போது சிரிக்கவும் தெம்பில்லை.

"சார், நேத்துலேர்ந்து மாத்தி மாத்திச் சொல்றீங்க. வெயிலுக்கான பிலிமா, இருட்டுக்கான பிலிமா?" போனில் கேட்டவர், வெளிநாட்டிலிருந்து பிலிம் தருவித்துக் கொடுக்கும் ஷாரிக்.

இக்னேஷியஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இனி எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்றிருந்தார். மகள் ஆன்சி முதல் படம் எடுக்கக் கிளம்பியதில் அந்தச் சபதம் போயிற்று.

ஆன்சியும் எல்லாரையும்போல டிஜிட்டலில்தான் எடுப்பதாக இருந்தாள். ஆனால் கதை முழுக்க ஒரு மீன்பிடிப் படகில் நடக்கிறது. படகு கொடுக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் இக்னேஷியஸின் சிநேகிதர், நெட்டுக்குப்பத்து வேலப்பன், ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"போட்டு தர்றேன் மாமு. ஆனா பிலிமுலதான் எடுக்கணும். டிஜிட்டலு கிஜிட்டலுன்னா என் போட்டு நவுராது."

ஆன்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ ரசனை டாடி அந்த அங்கிளுக்கு!"

முதலில், கேமராக்காரன் டெரிக் வெயிலுக்கான ஸ்லோ பிலிம் போதும் என்றான். கடலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமா? இக்னேஷியஸ் சொல்லி வைத்தார். மறுநாள் முகத்துவாரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்த டெரிக், வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"அங்கிள், ஒரு பக்கம் மழை மேகம், இன்னொரு பக்கம் பொகைக்கூண்டுப் பொகை. சூரியனயே காணோம். மங்கல் வெளிச்சத்துல எடுக்குற வேகமான பிலிமுதான் வோணும்."

இக்னேஷியஸ் மாற்றிச் சொன்னார். அந்த வகை பம்பாயில் கையிருப்பில் இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில். இதற்குள் வேலப்பனிடமிருந்து போன்.

"எத்தினி டப்பா மாமு?"

"பத்து."

"தகரந்தானே?"

"பிளாஸ்டிக்காம்ப்பா."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "அது வாணாம். பிலிமுன்னா தகரத்துல வரணும். அதான் அதுக்கு மருவாதி."

"பாத்தியா டாடி, எவ்ளோ நுணுக்கம்!" என்றாள் ஆன்சி.

ஆகவே தகர டப்பாவில், நேரே வெளிநாட்டிலிருந்து. அது விமானத்தில்தான் வரும் என்றார் ஷாரிக். அதைக் கேட்டதும் டெரிக் மறுபடி தலையைச் சொறிந்தான்.

"ஏர்போர்ட்டுல எக்ஸ்ரே மெஷின்ல வுட்டா பிலிமு காலி அங்கிள். வேகமான பிலிமுக்கு அது இன்னும் டேஞ்சரு."

"இதை நேத்தே சொல்லக்கூடாதாடா?"

"நேத்து ஸ்லோ பிலிமா இருந்துச்சே."

இக்னேஷியஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எக்ஸ்ரே வேண்டாம், கையால் சோதிக்கவும் என்று ஒரு கடிதம் எழுதினார். சரக்கு வந்து சேர்ந்ததற்கு மறுநாள் காலையே படப்பிடிப்பு. சரக்கை எடுக்க அவர் டெரிக்கோடு கிளம்பும்போது வேலப்பன் மறுபடி கூப்பிட்டார். "பத்து டப்பாவயும் கரையில கண்ணால பாத்துட்டுதான் நங்கூரத்த எடுப்பேன் மாமு. சொல்லிட்டேன்."

ஏதோ சென்டிமென்ட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் இக்னேஷியஸ்.

விமானச் சரக்கு நிலையத்தில் சுங்க அதிகாரி செங்குட்டுவன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "எக்ஸ்ரே வேணாம். சரி. அப்ப தொறந்து காட்டுங்க."

"தொறந்தா வெளிச்சம் பட்டு பிலிம் செத்துடும் சார்."

"தொறக்காம வுட்டா என் வேலை செத்துடும் சார்."

டெரிக் தன் கறுப்புப் பையை எடுத்தான். உள்ளே வெளிச்சம் புகாது. இரண்டு பக்கமும் கைவிட ஓட்டை இருக்கும். செங்குட்டுவன் முழங்கை வரை கைகளை நுழைத்து, கண்ணை மூடி, அடைக்கோழிக்கு அடியில் முட்டை தேடுகிறவர்போல ஒவ்வொரு சுருளாகத் தடவிப் பார்த்தார். பத்துச் சுருளும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பார்த்த சுருள்களை அவற்றின் கறுப்பு உறையிலேயே சுற்றி மேசைமேல் அடுக்கினார்கள்.

"பிலிம் ஓகே. டப்பாவோட அடித்தகட்டுல ஏதாச்சும் மறைச்சிருந்தா? காலி டப்பாவ மட்டும் மெஷின்ல வுட்டுடலாம்."

"தாராளமா."

"மெஷின் ரிப்பேரு. நாளான்னைக்கு வாங்க."

இக்னேஷியஸ் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. காலையில் குடித்த டீயோடு சரி. நாளைக்குப் படப்பிடிப்பு. அப்போதுதான் அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த குமாஸ்தா எழுந்து உட்கார்ந்தான். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினார்: 'மேற்படி பத்து காலி டப்பாக்களின் மீது எனக்கு எவ்வித உரிமையும் இல்லை. எக்காலத்திலும் கோரமாட்டேன். அவற்றை அழித்துவிடச் சம்மதிக்கிறேன்.'

செங்குட்டுவனுக்கு முகம் மலர்ந்தது. "இவ்ளோ சுத்தமா யாரும் எழுதித் தந்ததில்ல சார்!" அப்போதே ஆளைக் கூப்பிட்டு, பத்து டப்பாவையும் சுத்தியலால் அப்பளமாக்கினார். அந்தச் சத்தம் இக்னேஷியஸுக்குக் கோயில் மணிபோல இனித்தது.

பிறகு வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் செய்தார். "மேரி, மூடி இறுக்கமா கீற பெரிய பாத்திரமா ஒண்ணு எடுத்துகினு வா."

"இன்னாத்துக்கு?"

"கேள்வி கேக்காம ஆட்டோ புடி."

அடைக்கலமேரி இட்லி குண்டானோடு வந்து இறங்கினாள். பத்துச் சுருளும் அதற்குள் அளவெடுத்ததுபோல அடங்கின. மூடியைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

"நாளைக்கு இட்லிக்கு இன்னா பண்றது?"

"பன்னு வாங்கிக்கலாம். உன் பொண்ணு படம் இதுக்குள்ள கீது."

மறுநாள் காலை நெட்டுக்குப்பம் கரையில் கேமரா தயார், நடிகர்கள் தயார். மேகம்கூட டெரிக் கேட்டபடி மங்கலாக நின்றது. மூன்று வாரத்தில் முதல்முறையாக இக்னேஷியஸ் தோளைத் தளர்த்திக்கொண்டு, குண்டானை மடியில் வைத்து மணலில் உட்கார்ந்தார். ஆன்சி வந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

படகில் வேலப்பன் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, புதிதாக அடித்த ஒரு பலகைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பட்டம்மாள் காலிச் சாக்கோடு கரைக்கு வந்து, குண்டானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"பிலிமு இதுலயா கீது? அப்ப தகர டப்பால்லாம் எங்கண்ணே? எப்பவோ சூட்டிங்காரங்க வுட்டுட்டுப் போன ரெண்டும் ஓட்டையாயிடுச்சி, தூண்டி முள்ளு துருப்புடிக்காம வெக்க அந்த மாதிரி டப்பா எந்தக் கடையிலயும் கெடைக்கலன்னுதானே எங்க ஊட்டுக்காரரு உங்கள பிலிமுலயே எடுக்கச் சொன்னாரு!"

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு டப்பாக்கள் எல்லாம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். ஒன்றின் மூடிகூடத் தொலையாமல், குடும்பம் குட்டியோடு நல்லா இருங்கள்.