ஆறு மணிக் கோளாறு

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் கம்பெனி டாக்டர். இன்னொருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், ஆகாதவர்கள் தெரிந்துகொள்ள அவசரப்பட வேண்டாம்.

அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே கட்சியாகச் சேர்ந்துகொண்டால் மனுஷன் என்ன செய்வான்? அன்றைக்குச் சேர்ந்துகொண்டார்கள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "சர்க்கரை மூணு மாசச் சராசரி ஒன்பதரை. பிரஷரும் ஏறிக் கிடக்கு. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை பாதி வேலைதான் பார்க்கும். மீதியை உங்க கால்தான் பார்க்கணும்."

"கால் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"அது நல்லாவே இருக்கணும்னுதான் சொல்றேன். தினம் முக்கால் மணி நேரம் நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்பேன். குறையலைன்னா லிஃப்ட் குழியில இறங்க உங்களுக்குச் சான்று தர முடியாது. ஆபீஸ்ல உட்கார்ந்து புகார் போன் எடுங்க."

மெக்கானிக் இருபத்தாறு வருஷம் ஸ்பானரும் கையுமாக இருந்தவர். இனிமேல் 'லிஃப்ட் ஓடலை' என்று எவனோ சொல்வதைக் கேட்டு, நோட்டில் எழுதி, வேறு எவனையோ அனுப்பிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டுமா? அதற்குக் குழியிலேயே இருந்துவிடலாம்.

அவர் இந்தக் கவலையில் மூழ்கியிருந்ததால் பக்கத்து நாற்காலிப் பேச்சைக் கவனிக்கவில்லை. மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் வேளைக்கு எத்தனை என்று கேட்டுத்தான் பழக்கம்.

"டாக்டர், படி ஏறினாலும் நடந்த மாதிரிதானே?"

"தாராளமா. ஆனா எடுத்த எடுப்பிலேயே கூடாது. முதல்ல ஒரு மாடி, ரெண்டு மாடி. உடம்பு பழகப் பழகக் கூட்டலாம். நெஞ்சு வலிச்சாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திடணும்."

அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரமே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கியாயிற்று. மெக்கானிக் அதை மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று, "நாளையிலேருந்து பாரு, இந்தத் தெருவே தேயப்போகுது" என்று அறிவித்தார்.

தேய்ந்தது தெரு அல்ல, இஸ்திரிக் கடைப் பெஞ்சு. சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் நாலாம் மாடி வீட்டிலிருந்து லிஃப்டில் இறங்குவார். தெருமுனை திரும்புவார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் உட்பட வாசிப்பார். முக்கால் மணி நேரம் ஆனதும் எழுந்து திரும்பி நிற்பார். இஸ்திரிக்காரர் துணிக்குத் தெளிக்கிற தண்ணீரில் இவர் முதுகுக்கும் நாலு கை தெளிப்பார். பெண்டாட்டிக்குத் தண்ணி காட்டுவதில் இவ்வளவு அப்பட்டமாகக் காட்டியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஒரு வாரம் ஓடியது.

"என்னங்க, நல்லா வேர்த்திருக்கு போல?"

"பின்னே? தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வரேன்."

"வேர்வையில கஞ்சி வாசனை அடிக்குதே?"

"அது... உடம்புல இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வருது. அப்படித்தான் அடிக்கும்."

அவள் குனிந்து ஷூவை எடுத்தாள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கடையில் இருந்தபோது எப்படியோ அப்படியே பளபளவென்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டில் அவள் பேசும்போது ஆபத்தில்லை. பேச்சு நின்றால்தான் ஆள் உஷாராக வேண்டும். இது இத்தனை வருஷத்தில் மெக்கானிக்குக்குப் புரியவே இல்லை. தப்பித்தோம் என்று பாட்டு முணுமுணுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தால், கட்டட லிஃப்ட் நகரவில்லை.

அது பழைய லிஃப்ட். மாடிக்கு மாடி இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. ஒவ்வொரு கதவிலும் இரண்டு பித்தளை நாக்கு; கதவைச் சாத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். ஏதாவது ஒரு மாடியில் தொடாவிட்டாலும் லிஃப்ட் அசையாது. கல்யாணமான புதிதில் எல்லாரும் பெண்டாட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால், இவர் இந்த நாக்குகளைக் காட்டத்தான் கூட்டிப் போனார். அவளும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தான் குடியிருக்கிற கட்டடத்திலேயே லிஃப்ட் நிற்பதா? மானப் பிரச்சினை. மெக்கானிக் படியேறி ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். இரண்டாம் மாடிக் கதவைத் திறந்து சாத்தினார். ஓடியது.

மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி நின்றது. மறுபடி இரண்டாம் மாடி, மறுபடி ஓடியது. அந்த வாரம் முழுக்க அதே கதை. அடுத்த வாரம் மூன்றாம் மாடி போனால்தான் சரியாயிற்று. அதற்கடுத்து நாலு. அப்புறம் நாலும் போதாமல், மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்து, அங்கிருந்து கீழே வந்து, திரும்ப மேலே போனால்தான் அசைந்தது. ஆறரைக்கு மேல் கேட்டால், சமர்த்தாக ஓடும்.

"எங்க சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்ல," என்றார் மனைவியிடம். "கோளாறு மாடி ஏறிட்டே போகுது."

"அடக்கடவுளே. அப்போ இன்னிக்கும் வாக்கிங் போகலையா?"

"எங்க போறது? ஏழு ஆயிடுச்சே."

"பாவம். வேலைன்னு வந்துட்டா என்ன பண்றது. விடுங்க."

மெக்கானிக்குக்கு உள்ளுக்குள்ளே ஒரே கும்மாளம். கோளாறு பிடிபடவில்லையே என்ற எரிச்சல் ஒரு பக்கம். நடக்கிற தொல்லை விட்டதே என்ற நிம்மதி இன்னொரு பக்கம். இஸ்திரிக் கடைப் பெஞ்சு கூடத் தேவைப்படவில்லை. ஷூவை மட்டும் படியேறக் காலுக்கு மெத்தென்று இருக்கிறதே என்று போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயத்தை யோசித்திருக்கலாம். மூன்றாம் மாடியில் ரிட்டயரான டீச்சரம்மா இருந்தார். முட்டி வலிக்காரர். லிஃப்ட் ஐந்து நிமிஷம் நின்றால் கம்பெனிக்கு ஆறு தடவை போன் போடுகிறவர்.

"உங்களுக்குத்தான் டீச்சரம்மா ரொம்பக் கஷ்டம்," என்றார் மெக்கானிக் ஒருநாள்.

"பரவாயில்ல தம்பி. நிதானமா பாருங்க. அவசரமே இல்ல."

எவ்வளவு தங்கமான மனசு என்று நெகிழ்ந்துபோய் மேலே ஏறினார் அவர்.

மூன்று மாசம் முடிந்தது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. டாக்டரிடம்கூடச் சொல்லாத கால் எரிச்சல் குறைந்திருந்தது. ராத்திரி படுத்தால் காலையில்தான் விழிப்பு. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஆறே முக்கால். பிரஷரும் இறங்கியிருக்கு. தாராளமா குழியில இறங்கலாம். எவ்வளவு நேரம் நடந்தீங்க?"

சான்று கையெழுத்தாகிவிட்டது. இனி யாருக்குப் பயம்? மனைவி பக்கத்தில் இருப்பதையும் மறந்து மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினார். "உண்மையைச் சொல்றேன் டாக்டர். ஒருநாள்கூட நடக்கலை. சிலபேரு உடம்பு அப்படி. தானா சரியாயிடும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வீடு திரும்பும்போது சரியாக ஆறு. லிஃப்ட் நின்றிருந்தது. அன்றைக்கு மெக்கானிக்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினார். மூச்சு வாங்கவில்லை. கேன்வாஸ் ஷூவில் சத்தமும் இல்லை. மூன்றாம் மாடி திரும்பினால், டீச்சரம்மா கம்பிக் கதவின் பக்கம் குனிந்து, பித்தளை நாக்குக்கு நடுவிலிருந்து ஒரு அட்டைத் துண்டை உருவிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி," என்றார் அவர், கையும் களவுமாகப் பிடிபட்டு. "இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க? முன்னெல்லாம் ரெண்டாம் மாடியில வரும்போதே புஸ்ஸு புஸ்ஸுன்னு கேட்குமே."

மெக்கானிக் அட்டையை வாங்கிப் பார்த்தார். வெள்ளை அட்டை. ஓரத்தில் பாதி எண். அவருடைய ஷூ அளவு.

வீட்டுக்குப் போய்ப் பரணில் தேடினார். ஷூ டப்பா இருந்தது. மூடி இல்லை, பக்கங்கள் இல்லை. மீந்தது ஒரு மூலைதான். மனைவி படியேறி வந்து சேர்ந்தாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும். மாடிக்கு ஒருத்தர்கிட்ட பொறுப்பு கொடுத்திருந்தேன். நெஞ்சைப் பிடிச்சிட்டு நின்னா உடனே உருவிடச் சொல்லி."

"மாடி மாடியா ஏத்தினது?"

"டாக்டர் அப்படித்தானே சொன்னாரு? முதல்லயே முழு டோஸ் கொடுப்பாங்களா?"

"இருபத்தாறு வருஷ சர்வீஸ். என் லிஃப்டையே வச்சு என்னை..."

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதாங்க. தொடலைன்னா நிக்கும், யாருக்கும் அடிபடாது, அதுதான் இதோட நல்ல குணம்னு சொன்னீங்க. வேற எதையும் நான் தொடலை."

அவருக்குக் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பாவும் இப்படித்தாங்க. நாளைக்கு நடக்கிறேன், நாளைக்கு நடக்கிறேன்னாரு. கால்ல ஒரு சின்னப் புண்ணு. ரெண்டு வருஷம் நான்தான் கட்டுப் போட்டேன். கடைசியில கட்டுப் போடக் காலே இல்ல. உங்க ஷூ அடிப்பக்கத்தைப் பார்த்தப்ப எனக்கு அந்தக் காலுதான் தெரிஞ்சுது. சண்டை போட்டா நீங்க இன்னும் நல்லாப் பொய் சொல்லக் கத்துக்குவீங்க. அதான்."

மெக்கானிக்குக்கு இஸ்திரிக்காரர் முதுகில் தெளித்த தண்ணீரெல்லாம் இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் அடித்த பெருமை அதைவிட. தன் காலை இவள் இத்தனை நாள் சொந்தக் காலாக நினைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இனிமே அட்டை வேண்டாம்மா. நானே நடக்கிறேன். உன்மேல சத்தியமா."

"தெரியுங்க. நடப்பீங்க."

"நம்புறியா?"

"நம்பாம என்ன?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். புத்தம்புது ஷூ ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். பழையதற்கு அடிப்பக்கம் நிஜமாகவே தேய்ந்திருந்தது.

மெக்கானிக் நெகிழ்ந்துபோய் ஷூவைத் தடவிப் பார்த்தார். "இதோட டப்பா எங்கே?"

"ஷூதாங்க உங்களுக்கு," என்றாள் அவள். "டப்பா எனக்கு."