ராகு காலத்தில் விற்ற கொயின்

கொழும்பு வெள்ளவத்தையில் ராகுவுக்குப் பயந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் ராகுவே களைத்துப்போய் ஒதுங்கி நின்றது எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்காரர் ஒருவரிடம்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. காவல்காரர் முதல் மீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'ராகுகாலம்'. நேரில் மட்டும் அண்ணை.

நாள்தோறும் வரும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் எதையும் தொடங்கமாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட் இடையில் நின்று உள்ளே அகப்பட்டுக்கொண்டார். மெக்கானிக் மூன்றேகாலுக்கு வந்து கதவை நெம்பப் போனார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"தம்பி, திறக்காதேங்கோ! நாலரைக்குப் பிறகு திறவுங்கோ. நான் உள்ள நல்லா இருக்கிறன்."

நாங்களும் மெக்கானிக்கும் நாலரை வரை வெளியே நின்று தேநீர் குடித்தோம். கதவிடுக்கால் அவருக்கும் இரண்டு பிஸ்கற் கொடுத்தோம்.

அவருடைய தொழில் நினைவு மலர் தயாரிப்பது. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளுக்குப் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுவார்களே, அதைக் கணினியில் கோத்துக் கொடுப்பார். ஒருமுறை நோர்வேயில் இருக்கும் தமிழர் ஒருவர் தகப்பனின் மலருக்குக் கூலியாக கிரிப்டோ கொயின் அனுப்பிவிட்டார். "காசு கேட்டா என்னவோ கொயின் அனுப்பியிருக்கிறான். செத்தவர் நல்ல மனிசன், அதால விட்டிட்டன்" என்று சொல்லி அண்ணை அதை மறந்துபோனார். கொயின் சும்மா இருக்கவில்லை. சில வருடங்களில் பெறுமதி ஏறி, நினைத்தே பார்க்காத தொகையாகிவிட்டது.

அது தேவைப்பட்டது அவர் மனைவி பவளக்காவின் முழங்காலுக்கு. கூப்பிடு தூரத்தில் கடல். ஆனால் அக்கா படியிறங்கி இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்குத் திகதி கொடுத்துவிட்டார்கள். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் முற்பணம் கட்டாவிட்டால் அந்தத் திகதி வேறொருவருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரிக்காரர் கொயின் வாங்கமாட்டார்கள். அதை ரூபாயாக்கி வங்கிக்குக் கொண்டுவர வேண்டும்.

கீழ்மாடிக்காரனான நான்தான் அவருடைய போனில் கொயின் விற்பனை விளம்பரம் போட்டு, பக்கத்திலிருந்து வழிகாட்டினேன். வாங்குகிறவர் உங்கள் கணக்கில் பணம் போடுவார். வந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் பொத்தானை அமத்தினால் கொயின் அவருக்குப் போகும். எல்லாம் கால் மணி நேர வேலை என்றேன்.

திங்கட்கிழமை, வாங்க முதல் ஆள் வந்தது காலை எட்டு மணிக்கு. ராகு. செவ்வாய் வந்தவர் பிற்பகல் மூன்றரைக்கு. ராகு. புதன் வந்தவர் பன்னிரண்டரைக்கு.

"ராகுவோட கதைச்சுப் பேசித்தான் வாறாங்கள் தம்பி!"

உடனே விளம்பரத்தின் கீழே ஏழு நாளின் ராகு கால அட்டவணையையும் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். ஏதோ புதுவிதமான மோசடி என்று பயந்து அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வியாழன் பகல் ஒன்று இருபதுக்கு, தெஹிவளையிலிருந்து ஒரு சிங்களப் பெடியன் அகப்பட்டான். பணம் அனுப்பிவிட்டேன் என்றான். வங்கி ஆடி அசைந்து அதைக் கணக்கில் சேர்த்தபோது ஒன்று முப்பத்துநாலு. ஒன்றரைக்கே ராகு பிறந்துவிட்டது.

"அங்கிள், சல்லி ஆவத?" காசு வந்ததா என்று பெடியன் போனில் எழுதிக் கேட்டான்.

"மூண்டு மணி மட்டும் பொறுக்கச் சொல்லி எழுதட்டே அண்ணை?" என்றேன்.

காலை நீட்டியபடி அறைக்குள் இருந்த பவளக்காவை அண்ணை பார்த்தார். அவளுடைய காலுக்கான காசு. அதை ராகு காலத்திலா தொடங்குவது? போன் மறுபடி சிணுங்கியது. "அங்கிள்?"

"அவன்ர காசும் என்னட்ட, கொயினும் என்னட்ட. ரெண்டையும் வச்சுக்கொண்டு நல்ல நேரம் பாத்தா நான் கள்ளன், தம்பி."

கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமத்தினார். உள்ளேயிருந்து பவளக்காவின் குரல் கேட்டது: "கலியாணம் கட்டி முப்பது வருசத்தில இண்டைக்குத்தான் இந்த மனிசன் நேரத்துக்கு ஒரு வேலை செய்திருக்கு!"

மூன்று மணி அடித்ததும் ஓட்டோ பிடித்துப் பொரளை ஆஸ்பத்திரிக்குப் போய் முற்பணத்தைக் கட்டினோம். சிகிச்சை நல்லபடி முடிந்தது. இப்போது அக்கா மாலையில் கடற்கரை வரை நடக்கிறா. அண்ணை மூச்சு வாங்கப் பின்னால் போகிறார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சிகிச்சையன்று காலை, பொங்கல் பிரசாதத்துக்காக மட்டுமே கோயில் வாசலை மிதிக்கும் நான், தனியாகப் போய் ராகுவுக்கு ஒரு விளக்கேற்றினேன். "அந்த மனிசனை ஒண்டும் செய்யாதையும். ஏதும் கணக்குத் தீர்க்க இருந்தா என்னட்ட வாரும்" என்று கேட்டுக்கொண்டேன்.