தும்மலால் உயர்ந்த என் தங்கச்சி

இசைத்துறையை இசையிடமிருந்து காப்பாற்றிய பெருமை எங்கள் நிறுவனத்துக்கே உரியது. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் 'கலைஞர் உயர்வுத் துறை'யில் ஏழு ஆண்டுகள் துணை மேலாளராக இருந்தவன் என்ற முறையில், பொதுநலன் கருதிச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் வியப்பது அதன் அமைதியைத்தான். ஐந்து மாடி, சுவரெல்லாம் கண்ணாடி. நாற்பது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் கோடுகள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்போம். ஹெட்போனில் பாட்டு எதுவும் ஓடாது. பக்கத்து மேசைக்காரர் பேசுவது கேட்கக் கூடாதென்று மாட்டிக்கொள்வதுதான். கட்டடம் முழுவதிலும் ஒரே ஒரு இசைக்கருவி உண்டு, வரவேற்பறைப் பியானோ. அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தோம். தண்ணீர் ஊற்றுகிறவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

இந்த இடத்துக்குத்தான் என் தங்கச்சி பாட வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள். அவள் கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, வயலின்காரர். பெரிய ஓட்டல்களில் மற்றவர்கள் சாப்பிடும்போது வாசிப்பது அவர் தொழில். இரண்டு பேருமாகச் சேர்ந்து இரண்டு வருஷம் உழைத்து ஒரு பாட்டு செய்திருந்தார்கள். கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி. ஆறு நிமிஷம். அதை நம்பித் தங்கச்சி வேலையை விட்டுவிட்டாள். அண்ணன் இருக்கும் கம்பெனிதானே என்ற தைரியம்.

பாட்டு, எங்கள் துறையின் தேர்வுக் குழுவின் முன் வைக்கப்பட்டது.

"முதல் நாப்பது செகண்ட் வெறும் வயலின்தான் வருது," என்றார் புள்ளிவிவரக்காரர், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்கும் டாக்டர் மாதிரி. "நம்ம ரசிகர் ஏழாவது செகண்ட்ல விரலால தள்ளி விட்டுடுறார்."

"அப்போ இவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் அஞ்சு பாட்டு தாண்டிப் போயிருப்பாரே!" தலைவர் அதிர்ந்துபோனார்.

"வயலினை எடுத்துடலாம் சார்," என்றேன் நான். மாப்பிள்ளை எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். வீட்டு உறவு வேறு, அலுவலகக் கடமை வேறு.

"மச்சான், வயலின் போனா மழை போயிடும்," என்றார் அவர்.

"மழைச் சத்தம் கம்ப்யூட்டர்லயே இருக்கு மாப்பிள்ளை. யாரும் நனையவும் வேண்டாம்."

"ரெண்டாவது சரணம் எதுக்கு?" என்று கேட்டார் தலைவர். "முதல் சரணத்துல சொன்னது யாருக்கும் புரியலையா? கடைசியில பல்லவி வேற திரும்ப வருது. அதான் ஒருதடவை வந்துட்டுப் போயிடுச்சே!"

டீ வருவதற்குள் பாட்டு பதினோரு செகண்டுக்கு வந்துவிட்டது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இதுல பாட்டு எங்க இருக்கு?"

"இருக்கும்மா. செறிவா இருக்கு."

அடுத்த வாரம் ஒலிப்பதிவு. எங்கள் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கம்ப்யூட்டரே பாடிவிடுவதால், மூச்சுவிடும் பிராணி ஒன்று ஒலிப்பதிவு அறைக்குள் வந்து வெகுநாளாகியிருந்தது. தரையில் கிடந்த கம்பளம், போட்ட நாள்முதல் உதறப்படாதது. தங்கச்சி கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து, முதல் அடியைப் பாட வாயைத் திறந்தாள்.

தும்மினாள்.

அது சாதாரணத் தும்மல் அல்ல. இருபது வருஷம் சாதகம் செய்த தொண்டையிலிருந்து வந்தது. கீழே ஒரு ஸ்வரத்தில் தொடங்கி, மேலே ஏறி, ஒரு நொடி அந்தரத்தில் நின்று, "அச்ச்ச்சூ" என்று சுருதி பிசகாமல் வந்து இறங்கியது. விளம்பரப் பிரிவைச் சேர்ந்த யாரோ அந்த மூன்று செகண்டை வெட்டி இணையத்தில் போட்டுவிட்டார். மதியத்துக்குள் நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது.

"ஒருத்தர்கூடத் தள்ளி விடலை சார்," என்றார் புள்ளிவிவரக்காரர். அவருக்குக் குரல் தழுதழுத்தது. "ஏழு செகண்டுக்குள்ளயே முடிஞ்சிடுது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறாங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷமா இதைத்தானேய்யா தேடிக்கிட்டிருந்தோம்!"

அன்றைக்கே ஒப்பந்தம் தயாரானது. நாற்பத்திரண்டு பக்கம். தங்கச்சி விஷயம் என்பதால் வேறு யாரையும் நம்பாமல் நானே உட்கார்ந்து எழுதினேன். தங்கச்சிக்கு 'அச்சு அக்கா' என்று பெயர் சூட்டப்பட்டது.

"பாட்டு எப்போ அண்ணா?" கையெழுத்துப் போடும்போது கேட்டாள்.

"முதல்ல தும்மலை நிலைநிறுத்திடுவோம். அப்புறம் பாட்டு தானா வரும்."

பிறகு நடந்ததெல்லாம் வளர்ச்சி. மெத்தைக் கடைத் திறப்பு விழாவில் தும்மினாள். கார் விளம்பரத்தில் தும்மினாள். எதிர்காலத் தும்மல் கலைஞர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் காலையும் மாலையும் தும்மினாள். அவள் தும்மும்போதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் "நூறாயுசு" என்று கத்தினார்கள். கூட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு கோடி வருஷமாவது சேர்ந்திருக்கும். 'ஆண்டின் சிறந்த பாடகி' விருதும் கிடைத்தது. மேடையில் அவள் "நன்றி" என்று சொன்னபோது கூட்டம் முணுமுணுத்தது. தும்மிய பிறகுதான் உட்கார விட்டார்கள்.

மாப்பிள்ளையையும் நாங்கள் கைவிடவில்லை. தும்மல் கேட்ட நேரத்துக்கு வந்துவிடுமா? திரைக்குப் பின்னால் நின்று மிளகுப்பொடியை ஊதிவிட ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. 'உந்துதல் நிபுணர்' என்ற பதவியை உருவாக்கி, டப்பாவை அவர் கையில் கொடுத்தோம். வில் பிடித்த கை என்பதால் அளவு தவறவில்லை. வீட்டில் அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வயலின் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது அவருடைய சொந்த விஷயம்.

ஒப்பந்தம் போட்ட எட்டாவது மாதம் தங்கச்சியைத் தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அவளிடம் எதுவும் சொல்லாமல் என்னைத் திட்டினார்.

"உள்ள ஒரே வீக்கம். பாடுறவங்கன்னு சொல்றீங்க, இப்படியா வெச்சிருப்பீங்க? இன்னும் ரெண்டு மாசம் இதே மாதிரி போனா பேச்சு மிஞ்சும். பாட்டு மிஞ்சாது."

குழுவிடம் அப்படியே தெரிவித்தேன்.

"பேச்சு மிஞ்சும்னாரா?" தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "அப்போ தும்மலும் மிஞ்சும். கடவுள் இருக்காருய்யா!"

'கலைஞரின் உடல்நலத்தில் இக்குழு ஆழ்ந்த அக்கறை கொள்கிறது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இன்னும் நைசாக அரைத்த மிளகுப்பொடி வாங்கவும் ஒப்புதல் கிடைத்தது.

மறுநாள் காலை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் வெந்நீர் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, காலையில எழுந்து பாடிப் பாத்தேன். காத்துதான் வருது. உக்காந்து அழுதேன். அதுல மட்டும் சத்தம் வந்துச்சு."

"அதைப் பதிவு பண்ணினியா?" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாய்ப்புகளை நழுவவிடுவது கலைஞர்களின் பிறவிக் குணம்.

அதன்பின் ஒரு மாதம் உடம்பு சரியில்லை என்று சொல்லி எங்கேயும் வரவில்லை. வெந்நீரும் மௌனமுமாக இருந்தாள் என்று மாப்பிள்ளை சொன்னார். திரும்பி வந்த முதல் நிகழ்ச்சி, மூவாயிரம் பேர் அமரும் அரங்கம். ஒரு டிக்கெட் பாக்கியில்லை. விளக்கு எரிந்தது, மூவாயிரம் போன்கள் உயர்ந்தன. மாப்பிள்ளை திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் டப்பா இல்லை. வயலின் இருந்தது.

முழுசாக நாற்பது செகண்ட் வாசித்தார். பிறகு தங்கச்சி பாட ஆரம்பித்தாள்.

நான் உடனே கடமையில் இறங்கினேன். எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று தலைவருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் தகவல் தர வேண்டும். எண்ணிக்கை தவறக் கூடாதென்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேடை ஓரத்தில் நின்று எண்ணினேன். முதல் நிமிஷத்தில் நானூறு பேர் போனார்கள். "எப்பம்மா தும்முவே?" என்று ஒருவர் கத்தியது அவர் வாயசைவிலேயே தெரிந்தது. மூன்றாவது நிமிஷத்தில் பாதி அரங்கம் காலி. அப்புறம்தான் எண்ணிக்கையில் ஒரு கோளாறு. வாசல்வரை போன ஒரு பெண்மணி கதவில் கை வைத்தபடியே நின்றுவிட்டார். மூன்றாவது வரிசையில் ஒருவர் போனைக் கீழே இறக்கி மடியில் கவிழ்த்து வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். ஆறாவது நிமிஷம் முடிந்தபோது எழுநூறு பேர் மிச்சமிருந்தார்கள். பிறகு மொத்தமாக எழுந்து நின்றார்கள். போகப் போகிறார்கள் என்று நினைத்து, 'எழுநூறும் காலி' என்று தலைவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அவர்கள் கைதட்டினார்கள்.

ஒப்பந்த மீறலுக்காக மறுநாள் விசாரணை நடந்தது. தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். நிறுவனத்தின் வக்கீலம்மா ஒப்பந்தத்தைப் பிரித்து வாசித்தார்.

"நீங்க தாராளமா விலகிக்கலாம். ஆனா 'அச்சு அக்கா'ங்கற பேர் கம்பெனியோடது. முகம், சிரிப்பு, புருவம் தூக்கற விதம் எல்லாம் கம்பெனியோடது. தும்மல் நிரந்தரமா கம்பெனியோடது. பொது இடத்துல தும்மல் வந்தா அடக்கிக்கணும். வீட்டுக்குள்ள, குடும்பத்தார் முன்னால தும்மிக்க விலக்கு இருக்கு."

"சரிங்க," என்றாள் தங்கச்சி. கரகரப்பான, தாழ்ந்த குரல். "என் குரல்?"

வக்கீலம்மா பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்திரண்டையும் புரட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து புரட்டினார். தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"குரலைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே!" வக்கீலம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்கதானே சார் எழுதினீங்க? சொந்தத் தங்கச்சி. இவங்க குரலை நீங்க கேக்கவே இல்லையா?"

"இல்லைங்க," என்றேன். "இந்த ஏழு வருஷத்துல நாங்க யாரோட குரலையும் கேட்டதில்லை."